“ஒரு வருடம்தான்” என்கிறார்கள்: பக்கவாதத்துக்குப் பிறகான ஆயுளைக் கணிக்க முடியுமா?

காவிரிக்கரை | பிப்ரவரி 11, இரவு 11.40

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு 63 வயது. பஸ் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒன்பது நாளுக்கு முன் விடியற்காலையில் எழுந்தவர், இடது கால் செருப்புக்குள் போகமாட்டேன் என்கிறது என்றார். அம்மா விளக்கைப் போட்டுப் பார்த்தபோது வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. ஊரிலிருந்து பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுசேர்க்க ஆறு மணி நேரம் ஆகிவிட்டது. அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நேரம் கடந்துவிட்டது என்றார்கள். வலது பக்க மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு.

இரண்டாம் நாள் வராந்தாவில் நடந்துகொண்டே ஒரு மருத்துவர் என் தம்பியிடம், “அடைப்பு பெரியது. ஒரு வருடம் இருந்தாலே பெரிது. அதற்கேற்ப முடிவெடுத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து வீட்டில் எல்லாப் பேச்சும் அந்த ஒரு வருடத்தைச் சுற்றித்தான். தங்கையின் கல்யாணத்தை முன்கூட்டியே வைத்துவிடலாமா என்று சித்தப்பா கேட்கிறார். போகப் போகிறவரைப் பயிற்சி, சிகிச்சை என்று வருத்த வேண்டுமா என்கிறான் தம்பி. அம்மா எதுவும் பேசுவதில்லை.

இப்போது பேச்சு குழறுகிறது, ஆனால் புரிகிறது. எங்களை அடையாளம் தெரிகிறது. மூக்கில் குழாய் இருக்கிறது. இடது கை அசையவில்லை. காலை மட்டும் படுக்கையில் இழுத்து மடக்குகிறார். இரண்டாம் நாளிலேயே ஒருவருடைய ஆயுளைச் சொல்லிவிட முடியுமா? எதை வைத்துச் சொல்கிறார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

வேம்பு | பிப்ரவரி 12, காலை 6.15

சகோதரி, நான் பொது மருத்துவம் பார்ப்பவன். பக்கவாத நோயாளிகளை நாள்தோறும் பார்க்கிறேன். உங்கள் அப்பாவை நான் பார்க்கவில்லை, ஸ்கேனையும் பார்க்கவில்லை. ஆகவே அவரைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லமாட்டேன். கணிக்கும் முறைகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கணிப்பு என்பது வேறு, கெடு என்பது வேறு. உங்கள் தம்பியிடம் சொல்லப்பட்டது கெடு. அப்படி ஒரு தனி மனிதருக்கு நாள் குறிக்கும் கருவி எதுவும் மருத்துவத்தில் கிடையாது.

கணிப்பு முறைகள் பல இருக்கின்றன. எனக்குப் பிடித்தது 2002 ஆம் ஆண்டு எடின்பரோ மருத்துவர்கள் வெளியிட்டது. ஸ்கேன்கூட வேண்டாம், ஆறே கேள்விகள்தான். வயது என்ன? நோய் வருவதற்கு முன் தனியாக வசித்தாரா? தன் வேலைகளைத் தானே செய்துகொண்டாரா? இப்போது குழப்பமில்லாமல் பேசுகிறாரா? கைகளைத் தூக்கி நிறுத்த முடிகிறதா? துணையில்லாமல் நடக்க முடிகிறதா? இவ்வளவுதான். இந்த ஆறு கேள்விகளும் எதைக் கணிக்கின்றன என்பதைப் பாருங்கள்: முப்பது நாள் உயிரோடிருப்பாரா, ஆறு மாதத்தில் பிறர் உதவியின்றி வாழ்வாரா. அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கனடாவில் 2011 இல் வந்த ஒரு மதிப்பெண் முறை ஓராண்டு வரை போகிறது. முதல் வார நிலையை வைத்துப் பத்தாண்டைக் கணிக்க நல்ல ஆய்வாளர்கள் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்துக்குக் காரணம் இருக்கிறது.

முதல் மாத மரணங்களுக்குப் பெரும்பாலும் மூளையின் சேதமே காரணம். மூளை வீங்குவது, நினைவு தப்புவது, அதை ஒட்டி வரும் நிமோனியா. அதனால் அடைப்பின் அளவு அங்கே முக்கியம். அந்தக் கண்டத்தைத் தாண்டியவர்களுக்குப் பிற்பாடு ஆபத்து வேறு திசையிலிருந்து வருகிறது: இதயம், இரண்டாவது பக்கவாதம், நெஞ்சுச் சளித் தொற்று, படுக்கைப்புண், கீழே விழுவது. இவற்றில் பலவற்றை முதல் நாள் ஸ்கேன் காட்டாது.

---

எண்ணும் எழுத்தும் | பிப்ரவரி 12, காலை 9.02

மருத்துவப் புள்ளியியல் என் தொழில். வேம்பு ஐயா சொன்னதை எண்களில் காட்டுகிறேன். நிதானமாகப் படியுங்கள், சகோதரி.

டென்மார்க்கில் கோபன்ஹேகன் பகுதியில் 1982 முதல் 1991 வரை முதல் பக்கவாதம் வந்தவர்களைப் பின்தொடர்ந்தார்கள். 28 நாளுக்குள் இறந்தவர்கள் 28 சதவீதம். ஓராண்டு முடிவில் 41. ஐந்தாண்டு முடிவில் 60. இதைப் படிக்கும் யாருக்கும் வயிறு கலங்கும். ஐந்து வருடத்தில் நூற்றுக்கு அறுபது பேர் போய்விடுகிறார்களே!

ஆனால் அந்த அறுபது பேரும் எப்போது போனார்கள்? 28 பேர் முதல் நான்கு வாரத்தில். 13 பேர் அந்த ஆண்டின் மீதி நாட்களில். 19 பேர் அடுத்த நான்கு ஆண்டுகளில். அதாவது முதல் ஆண்டைக் கடந்து நிற்கிற 59 பேரில் 40 பேர் ஐந்தாம் ஆண்டிலும் இருக்கிறார்கள். மூன்றில் இரண்டு பங்கு. மனிதர்கள் அதேதான், நிற்கிற இடம்தான் வேறு. முதல் நாள் சொன்ன எண் முப்பதாம் நாள் செல்லாது. முப்பதாம் நாள் சொன்னது முதலாண்டு நிறைவில் செல்லாது. ஒவ்வொரு கட்டத்தைத் தாண்டும்போதும் கணக்கைப் புதிதாகப் போட வேண்டும். வீடுகளில் இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. முதல் வாரத்தில் கேட்ட எண் சுவரில் அறைந்த ஆணி மாதிரி நின்றுவிடுகிறது.

இன்னொன்று, அவை நாற்பது ஆண்டுக்கு முந்தைய மருத்துவம். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து இரண்டிலும் 2008 முதல் 2017 வரை மருத்துவமனையில் சேர்ந்த மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பக்கவாத நோயாளிகளைத் தொகுத்துப் பார்த்ததில் ஐந்தாண்டு கடந்தவர்கள் 52.8 சதவீதம், பத்தாண்டு கடந்தவர்கள் 36.4 சதவீதம். இரண்டு ஆய்வுகளும் ஆட்களைச் சேர்த்த விதம் வேறு என்பதால் நேருக்கு நேர் வைத்து ஒப்பிடக்கூடாது. இந்தக் கணக்குகளிலெல்லாம் எழுபது, எண்பது வயதினர் நிறைய. 63 வயதுக்காரரை அந்தச் சராசரியில் அப்படியே உட்கார வைப்பதும் தவறு.

நம் பக்கத்துக் கணக்கும் ஒன்று உண்டு. திருவனந்தபுரத்தில் 2005 இல் தொடங்கிய பக்கவாதப் பதிவேட்டில், 28 நாளுக்குள் இறந்தவர்கள் நகர்ப்புறத்தில் 24.5 சதவீதம், கிராமப்புறத்தில் 37.1 சதவீதம். ஒரே மாவட்டம், ஒரே நோய். ஊர் மாறினால் உயிர் தங்கும் வாய்ப்பும் மாறுகிறது. நோயை மட்டும் பார்த்து ஆயுளைச் சொல்பவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

---

பழைய வாசகன் | பிப்ரவரி 12, மாலை 7.48

நான் எழுதலாமா என்று மாலை முழுவதும் யோசித்தேன்.

என் அம்மாவுக்கு வந்தது அடைப்பு இல்லை, ரத்தக்கசிவு. 71 வயது. மருத்துவமனையில் ஒரு மதிப்பெண் போட்டார்கள். நினைவு நிலைக்கு ஒன்று, கசிவு 30 மில்லிக்கு மேல் என்பதால் ஒன்று, மூளையின் நீர் அறைக்குள் ரத்தம் இறங்கியதால் ஒன்று. மொத்தம் மூன்று. மூன்று என்றால் முப்பது நாளுக்குள் 72 சதவீதம் பேர் இறந்துவிடுவார்கள் என்றார்கள். வீட்டில் வைத்துப் போகட்டும் என்று உறவினர்கள் சொன்னார்கள். நான்தான் கையெழுத்துப் போட்டேன். மூன்றாம் நாள் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். நான்காம் நாள் இரவு போய்விட்டார்.

பிறகுதான் அந்த மதிப்பெண் முறையைப் பற்றித் தேடிப் படித்தேன். 2001 இல் அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோவில் 152 நோயாளிகளை வைத்து உருவாக்கியது. அதே ஆண்டு சியாட்டில் மருத்துவர்கள் எழுதிய வேறொரு கட்டுரையைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. பிழைக்கமாட்டார் என்று முடிவுகட்டிச் சிகிச்சையை நிறுத்தினால் அவர் இறந்துபோகிறார். அந்த மரணமும் கணக்கில் ஏறுகிறது. அடுத்தவருக்குக் கணிக்கும்போது அந்தக் கணக்கு இன்னும் இருட்டாகத் தெரிகிறது. கணிப்பே தன்னை உண்மையாக்கிக்கொள்கிறது. இதனால்தான் மூளை ரத்தக்கசிவில் உயிர்காக்கும் சிகிச்சையைக் குறைக்கும் புதிய முடிவுகளைக் குறைந்தது இரண்டாவது முழு நாள் வரையாவது தள்ளிப்போடச் சொல்லி அமெரிக்க இதய சங்கத்தின் வழிகாட்டுதல் அறிவுறுத்துகிறது.

72 பேர் என்றால் 28 பேர் பிழைக்கிறார்கள். என் அம்மா எந்தப் பக்கம் இருந்திருப்பார் என்று எனக்கு இனி தெரியாது. சகோதரி, உங்கள் தம்பியிடம் இதைப் படித்துக் காட்டுங்கள்.

---

மேட்டுநிலம் | பிப்ரவரி 12, இரவு 10.20

பழைய வாசகன் அண்ணா, உங்கள் வேதனை புரிகிறது. ஆனாலும் மறுபக்கத்தை யாராவது சொல்ல வேண்டும்.

என் மாமனாருக்குப் பெரிய பக்கவாதம் வந்தது. 84 வயது, முன்பே படுத்த படுக்கைதான். யாரும் எங்களிடம் எதையும் திறந்து பேசவில்லை. பார்ப்போம், பார்ப்போம் என்றே வெண்டிலேட்டரில் 41 நாள் ஓடியது. கழுத்தில் துளை, முதுகில் புண். நிலம் போனது ஒரு புறம் இருக்கட்டும், அந்த மனிதரை அப்படிக் கிடத்தியிருக்க வேண்டாம் என்ற குற்றவுணர்வு என் மனைவிக்கு இன்றும் இருக்கிறது. இரண்டாம் வாரத்திலாவது யாராவது உட்கார வைத்து, வாய்ப்பு எவ்வளவு, பிழைத்தாலும் எப்படி இருப்பார் என்று நேராகச் சொல்லியிருந்தால் வேறு முடிவெடுத்திருப்போம்.

கணிப்பே வேண்டாம் என்று ஆகிவிடக்கூடாது. குடும்பங்களுக்கு உண்மை தேவை.

---

வேம்பு | பிப்ரவரி 13, காலை 6.40

இருவருக்கும் நேர்ந்தது ஒரே குறைதான். ஒருவருக்கு மூன்றாம் நாளிலேயே கதவை அடைத்துவிட்டார்கள். இன்னொருவருக்கு நாற்பத்தோராம் நாள் வரை எதையுமே சொல்லவில்லை. இரண்டு வீட்டிலும் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேச ஒருவர் இல்லை.

நான் மருத்துவர்களுக்கு வக்காலத்து வாங்கவில்லை. ஒரு வார்டில் அறுபது பேரைப் பார்த்துவிட்டு வரும் களைப்பு எனக்கும் தெரியும். அந்தக் களைப்பிலும் ஒருவருடைய ஆயுளை நடந்துகொண்டே சொல்லக்கூடாது. “இந்த நிலையில் வருகிற பத்துப் பேரில் இத்தனை பேர் ஒரு மாதத்தைக் கடக்கிறார்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடி பேசுவோம்” என்று சொல்ல இரண்டு நிமிடம் போதும். வேறெதற்கும் நேரமில்லை என்றாலும் இதற்கு ஒதுக்கத்தான் வேண்டும்.

மேட்டுநிலம் சொன்ன வழக்கில் வயதும், முன்பே படுக்கையில் இருந்ததும் சேர்ந்து கணிப்பை மிக வலுவாக்கியிருக்கும். காவிரிக்கரையின் அப்பா 63 வயது, முந்தைய நாள் வரை தன் காலில் நின்றவர், பேச்சு புரிகிறது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

---

செவிலி 27 | பிப்ரவரி 13, பிற்பகல் 2.10

அக்கா, அப்பாவுக்கு வாய் வழியாக எதுவும் கொடுக்கிறீர்களா? மூக்குக்குழாய் இருக்கும்போதே பாசத்தில் இரண்டு ஸ்பூன் காபி, கொஞ்சம் கஞ்சி என்று கொடுத்துப் புரையேறி நிமோனியாவில் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். விழுங்கும் சோதனை செய்து சரி என்று சொல்லும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வேண்டாம். குழாயில் கொடுக்கும்போதும் முதுகை நன்றாக நிமிர்த்தி உட்கார வையுங்கள். முடிந்ததும் அரை மணி நேரம் அப்படியே இருக்கட்டும்.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 19 பக்கவாதப் பிரிவுகளில் ஓர் ஆய்வு நடந்தது. புதிய மருந்து எதுவும் இல்லை. அவற்றில் சில பிரிவுகளில் காய்ச்சல், சர்க்கரை, விழுங்குதல் என்ற மூன்றை மட்டும் முதல் 72 மணி நேரம் செவிலியர்கள் ஒழுங்காகக் கவனித்தார்கள், மற்றவற்றில் வழக்கமான கவனிப்புதான். 2011 இல் வெளிவந்த முடிவில், மூன்று மாதத்தில் இறந்தவர்களும் பிறரை நம்பி வாழ்பவர்களும் தெளிவாகக் குறைந்திருந்தார்கள். பல ஆண்டுகள் கழித்து மறுபடி கணக்கெடுத்தபோதும் அந்த வார்டுகளில் இருந்தவர்களே அதிகம் உயிரோடிருந்தார்கள். எந்த மதிப்பெண் முறையிலும் செவிலியின் பெயர் இருக்காது. ஆனால் அந்த மூன்று நாள் கவனிப்பு வருடங்களாக மாறியிருக்கிறது.

---

நடைபழக்கு | பிப்ரவரி 13, இரவு 9.33

இயன்முறை மருத்துவராக 19 வருடம். செவிலித் தங்கை சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நார்வேயில் ட்ரான்ட்ஹெய்ம் நகரில் 1980களில் 220 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவது போலப் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். 110 பேர் பக்கவாதத்துக்கென்றே அமைத்த தனிப் பிரிவில், 110 பேர் பொது வார்டில். சில வாரச் சிகிச்சைதான் வித்தியாசம். பத்தாண்டு கழித்துப் பார்த்தால் பொது வார்டில் இருந்தவர்களில் 87.3 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். தனிப் பிரிவில் 75.5 சதவீதம். முதல் சில வாரங்களில் கிடைத்த சீரான கவனிப்பும் பயிற்சியும் பத்தாம் ஆண்டில் தெரிகிறது.

ஆகவே உங்கள் தம்பி கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான். பயிற்சி அவரை வருத்துவதற்காக அல்ல. பயிற்சியும் ஆயுளும் எப்படிச் சேர்கின்றன என்பதை 2008 இல் வந்த ஒரு பிரிட்டன் ஆய்வு காட்டுகிறது. 7,710 அடைப்புவகை நோயாளிகள், சிலரை 19 ஆண்டு வரை பின்தொடர்ந்தார்கள். ஆறாம் மாதத்தில் தன் வேலையைத் தானே செய்துகொண்டவர்களில் சரிபாதிப் பேர் 9.7 ஆண்டுக்கு மேல் வாழ்ந்தார்கள். பிறரை நம்பியிருந்தவர்களில் சரிபாதிப் பேர் 6 ஆண்டுக்கு மேல் வாழ்ந்தார்கள்.

நீண்டகால ஆயுளைப் பற்றி எனக்குத் தெரிந்த ஆகச் சிறந்த அடையாளம் இதுதான். கழிப்பறைக்குத் தானே போகிறாரா, சட்டையைத் தானே போடுகிறாரா, தட்டிலிருந்து எடுத்துத் தானே உண்கிறாரா? ஆறாம் மாதத்தில் இதைப் பார்த்துவிட்டுப் பேச வேண்டியதை இரண்டாம் நாளில் பேசிவிட்டார்கள்.

ஆறு வருடம் என்பது பிறரை நம்பியிருப்பவர்களின் கணக்கு என்பதையும் தம்பியிடம் சொல்லுங்கள். அவர்களுக்கே ஒரு வருடம் என்று கெடு இல்லை.

---

எண்ணும் எழுத்தும் | பிப்ரவரி 13, இரவு 10.05

நடைபழக்கு அவர்களே, ஓர் எச்சரிக்கை. ஆறாம் மாதத்தில் நன்றாக நடப்பவர் நீண்ட காலம் வாழ்கிறார் என்பதால் நடைதான் ஆயுளைத் தருகிறது என்று ஆகாது. சேதம் குறைவாக இருந்தவர் சீக்கிரம் நடப்பார், அவரே நீண்ட காலமும் இருப்பார். இரண்டுக்கும் வேர் ஒன்றாக இருக்கலாம். அந்த ஆய்வாளர்கள் வயது போன்றவற்றைக் கழித்துப் பார்த்தபோதும் வித்தியாசம் நின்றது என்பது உண்மை. இந்தியாவிலேயே 14 மருத்துவமனைகளில் 1,250 பேரை வைத்து, குடும்பத்தினருக்குப் பயிற்சி கொடுத்து வீட்டில் செய்ய வைத்த ஆய்வு 2017 இல் வந்தது. ஆறு மாதத்தில் இறந்தவர்களும் சார்ந்து வாழ்பவர்களும் இரண்டு பிரிவிலும் 47 சதவீதம்தான். ஏமாற்றமான முடிவு. அதை மறைக்கக்கூடாது.

---

நடைபழக்கு | பிப்ரவரி 14, காலை 5.50

ஒப்புக்கொள்கிறேன். அந்த முடிவைப் படித்த அன்று எனக்கும் மனம் கனத்தது. வீட்டாரே தேர்ந்த கைகளுக்கு மாற்றாகிவிட முடியாது என்றுதான் அதிலிருந்து எடுத்துக்கொண்டேன். பயிற்சி பெற்றவரிடம் செய்யுங்கள், விட்டுவிடாமல் செய்யுங்கள்.

---

காவிரிக்கரை | பிப்ரவரி 14, இரவு 11.15

எல்லாவற்றையும் தம்பிக்குப் படித்துக் காட்டினேன். பழைய வாசகன் அண்ணா எழுதியதை அவன் இரண்டு முறை படித்தான். பிறகு எழுந்து போய் அப்பாவின் காலைப் பிடித்துவிட்டான். நாளை முதல் இயன்முறை மருத்துவர் வருகிறார். கல்யாணப் பேச்சை நிறுத்திவிட்டோம்.

---

காவிரிக்கரை | செப்டம்பர் 3, இரவு 9.20

ஏழு மாதம் ஆகிவிட்டது. இந்த இழையை மறக்கவில்லை.

மூக்குக்குழாயை ஐந்தாம் வாரம் எடுத்தார்கள். ஏப்ரலில் ஒரு முறை சளி கட்டிக் காய்ச்சல் வந்து பயந்துபோனோம். மே மாதம் முழுவதும் அழுதுகொண்டே இருந்தார், சாப்பாட்டைத் தள்ளிவிட்டார். பக்கவாதம் வந்தவர்களில் மூவரில் ஒருவருக்கு மனச்சோர்வு வரும் என்று மருத்துவர் சொல்லி மாத்திரை கொடுத்தார். மெல்லத் தெளிந்தார். இப்போது ஊன்றுகோலோடு வாசல் வரை போகிறார். தானே உண்கிறார். சட்டையின் இடது கையை மாட்ட மட்டும் அம்மா வேண்டும். குளிக்க உதவி வேண்டும். இடது கை இன்னும் வரவில்லை. வாசல் திண்ணையில் உட்கார்ந்து, போகிற பஸ் எந்தத் தடம் என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்கிறார்.

பிரஷர், சுகர் மாத்திரைகளை ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பணியாளர் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார். இப்போது என் கேள்வி வேறு. போன வாரம் பிரஷர் பார்த்த பெண், நாடி ஒழுங்கில்லாமல் ஓடுகிறது என்றார். இது பெரிய விஷயமா?

---

வேம்பு | செப்டம்பர் 4, காலை 6.05

பெரிய விஷயம், தாமதிக்காதீர்கள். நாடி தாறுமாறாக ஓடுவது இதய மேலறைத் துடிப்புக் கோளாறாக இருக்கலாம். அப்படியிருந்தால் இதயத்தில் ரத்தம் தேங்கிக் கட்டியாகி, மறுபடி மூளைக்குப் போகும். ஏற்கெனவே பக்கவாதம் வந்த இந்த வகை நோயாளிகளை வைத்து ஐரோப்பாவில் 1993 இல் வந்த ஆய்வில், ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை எடுத்தவர்களுக்கு மறு பக்கவாதம் ஆண்டுக்கு 12 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாகக் குறைந்தது. அப்பாவின் இனி வரும் ஆண்டுகளைப் பொறுத்தவரை பிப்ரவரி ஸ்கேனைவிட இது முக்கியம்.

உடனே ஈ.சி.ஜி. எடுங்கள். அதில் சரியாக இருந்தாலும் விட்டுவிடாதீர்கள். இந்தக் கோளாறு வந்து வந்து போகும், எடுக்கிற நிமிடத்தில் ஒளிந்துகொள்ளலாம். 24 மணி நேரம் மாட்டிப் பதிவுசெய்யும் ஹோல்டர் கருவியைப் பற்றிக் கேளுங்கள். மாத்திரையை நீங்களாகத் தொடங்க வேண்டாம். ரத்தக்கசிவு ஆபத்து, சிறுநீரகம் எல்லாவற்றையும் பார்த்து அவருடைய மருத்துவர் முடிவு செய்யட்டும்.

---

பழைய வாசகன் | செப்டம்பர் 4, காலை 7.30

பஸ் தடம் சொல்கிறார் என்று படித்ததும் கண் கலங்கிவிட்டது, தங்கச்சி. ஈ.சி.ஜி.யில் என்ன வந்தது என்று எழுதுங்கள்.

---

காவிரிக்கரை | செப்டம்பர் 6, இரவு 8.50

எடுத்தோம், அண்ணா. கோளாறு இருக்கிறது. மாத்திரை தொடங்கியாகிவிட்டது. வாரம் ஒரு முறை ரத்தப் பரிசோதனை, ரத்தம் உறைவதைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நிற்க வேண்டும் என்றார் மருத்துவர். அப்பா அந்தத் தேதிகளை எல்லாம் வலது கையால் நாள்காட்டியில் வட்டமிட்டு வைத்திருக்கிறார். டிசம்பர் வரை போட்டுவிட்டு, அடுத்த வருட நாள்காட்டி எப்போது வரும் என்று கேட்டார்.